பிடிக்காமல் விட்ட பந்து

எங்கள் தெருவில் சித்தப்பாவுக்கு என்ன வேலை என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆம்பூரில் ஒரு மனிதருக்கு வேலை என்றால் ஷூ கம்பெனி, இல்லாவிட்டால் தோல் பதனிடும் டேனரி, இரண்டும் இல்லாவிட்டால் பிரியாணிக் கடை. சித்தப்பாவோ சென்னையில் ஒரு அரசுத் துறையின் அணிக்காகப் பேஸ்பால் விளையாடிக்கொண்டிருந்தார். விளையாடுவதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "கிரிக்கெட்டா?" என்பார்கள். பேஸ்பால் என்று திருத்தினால், "ஓ, கூடையில போடுறது" என்று தலையாட்டுவார்கள்.

திருத்துகிற வேலை முழுவதும் அப்பாவுடையது. தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் சித்தப்பாவைப் படிக்கவைத்தது அப்பாதான். அவர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். டீக்கடையில் யாராவது தம்பியைப் பற்றி விசாரித்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பார். "கூடையெல்லாம் இல்லீங்க. மட்ட உருண்டையா இருக்கும். அடிச்சிட்டு நாலு மூலையும் சுத்தி ஓடியாந்து சேந்தா ஒரு ரன்னு. நம்ம ஆளு அவுட்ஃபீல்டரு. தூரமா நின்னு, மேல போற பந்தெல்லாம் புடிப்பான்." அவருக்குத் தெரிந்த பேஸ்பால் அவ்வளவுதான். அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

சித்தப்பா ஆட வந்த கதையும் பெரிய கதை அல்ல. பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் டீமில் இடம் கிடைக்காத பையன்களை பி.டி. வாத்தியார் ஒரு ஓரமாகச் சேர்த்து உருண்டை மட்டையைக் கையில் கொடுத்தார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் ஓடிப்போனார்கள், சித்தப்பா போகவில்லை. பள்ளி அணி, மாவட்ட அணி, பல்கலைக்கழக அணி, மாநில அணி என்று ஒவ்வொன்றாகச் சட்டையை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் அந்தத் துறையின் அணியில் ஒப்பந்த ஆட்டக்காரராகச் சேர்ந்தார். லீவில் வரும்போது நீளமான பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். அதற்குள் இருக்கும் பெரிய தோல் கையுறையை அப்பா முதலில் கையில் எடுப்பார். மடக்கிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், விரலால் நிமிண்டிப் பார்ப்பார். "தோலு நல்ல தோலுதான். தையல்தான் மட்டம்" என்பார். விளையாட்டில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அது.

ஆட்டம் நடக்கும் மாதங்களில் சாயங்காலம் போன் வரும். அப்பா எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கி அடிச்சியா?" சித்தப்பா பதில் சொல்வார். அப்பாவின் முகம் பெரும்பாலும் வாடிப்போகும். பேஸ்பாலில் அடிப்பவருடைய சராசரியைச் சைபர் போட்டு, புள்ளி வைத்து, அதற்குப் பிறகுதான் எழுதுவார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்கள் வீட்டுக்கு அந்தச் சைபர் ஒரு கண்டமாகவே இருந்தது. பத்துத் தடவைக்கு மூன்று தடவை அடித்தாலே பெரிய ஆள் என்று சித்தப்பா எத்தனையோ தடவை விளக்கினார். சித்தப்பா அந்தப் பெரிய ஆளும் இல்லை. சீசன் பூராவும் அவருடைய சராசரி கீழேயே கிடந்தது. "அடிக்கறது கம்மிதான். ஆனா புடிக்கறதுல அவனை மிஞ்ச முடியாது" என்று அப்பா ஊருக்குச் சொல்லிக்கொண்டார்.

அந்த வருஷ சீசன் முடிந்ததும் ஒப்பந்தக்காரர்களில் சிலரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நிரந்தரம் என்றால் அரசாங்க உத்தியோகம். விளையாடி முடித்த பிறகும் மேஜை நாற்காலி உண்டு. யாரை எடுப்பது என்று முடிவு செய்கிற அதிகாரி கடைசி ஆட்டங்களைத் தானே நேரில் வந்து பார்க்கப் போகிறாராம். எங்கள் அதிர்ஷ்டம், அந்தக் கடைசி ஆட்டம் வேலூரில்.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தக்காளி சாதம் கட்டிக்கொண்டாள். அப்பா பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். ரயிலில் காட்பாடி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, மலை தெரிகிற ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் ஷாமியானா போட்டு, அதிகாரி கறுப்புக் கண்ணாடியுடன் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. இடது ஓரமாக, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, புங்கமரத்து நிழலில் அம்மா துண்டை விரித்தாள். அது நல்ல இடமாகவே அமைந்தது. சித்தப்பா ஆடுவது லெஃப்ட் ஃபீல்டில். மைதானத்திலேயே அவருக்கு மிகவும் பக்கத்தில் இருந்தவர்கள் நாங்கள்தான்.

ஆனால் அங்கே பந்து வரவேயில்லை. சித்தப்பா முழங்காலில் கையை ஊன்றிக் குனிவார், நிமிர்வார், மறுபடியும் குனிவார். உள்ளே யாராவது பந்தை எறிந்தால் உடனே இவர் மூன்றாவது மூலைக்குப் பின்னால் ஓடுவார். அங்கே நிற்பவர் பந்தைப் பிடித்துவிடுவார். சித்தப்பா திரும்பித் தன் இடத்துக்கு நடந்து வருவார். இது பல முறை நடந்தது.

"சித்தப்பா ஏம்ப்பா சும்மா சும்மா ஓடறாரு?" என்று கேட்டேன்.

"ஓடணும்" என்றார் அப்பா. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

அடிக்கும் முறை வந்தபோதும் அப்படித்தான். பந்து வீசுபவர் நான்கு பந்தைத் தப்பாகப் போட்டால் அடிப்பவர் சும்மாவே முதல் மூலைக்கு நடக்கலாம். சித்தப்பா மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த நான்கு பந்தும் போகிற வரை பொறுமையாக நின்றார், பிறகு நடந்தார். இன்னொரு முறை பந்தை மெல்லத் தொட்டுவிட்டு ஓடினார். அவரை அவுட் ஆக்கினார்கள். அந்த நேரத்தில் முதல் மூலையில் நின்றிருந்தவர் இரண்டாவது மூலைக்குப் போய்விட்டார்.

"இன்னாடா இது, தானாப் போய் அவுட் ஆவறான்" என்று அப்பா பேஜாராகி முணுமுணுத்தார்.

"இன்னொருத்தர் முன்னால போய்ட்டாரே, பாக்கலியா?" என்றாள் அம்மா.

"அவரு போனா அவரு கணக்கு. இவன் கணக்குல இன்னா ஏறுச்சி?"

அப்பா சொன்னது சரிதான். அதெல்லாம் சராசரியில் ஏறுவதில்லை. ஷாமியானாவில் அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்று வந்தபோது இரண்டு பக்கமும் ஓட்டம் சமமாக இருந்தது. அடிக்கிற முறை எதிரணிக்கு. ஒருவர் அவுட். மூன்றாவது மூலையில் அவர்களுடைய ஆள் ஒருவர், ஒரு காலை முன்னால் வைத்துக் காத்துக்கொண்டு நின்றார். அவர் ஓடிவந்து சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. எனக்கே அது புரிந்தது. அம்மா டிபன் பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. பந்து நேராக மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. சித்தப்பா ஓடிவந்தார். அவர் அப்படி ஓடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, எங்களை நோக்கியே வந்தார். அவருடைய மூச்சு எங்களுக்குக் கேட்டது. அப்பா துள்ளி எழுந்தார். பொங்கல் சட்டை, ஷாமியானா எல்லாம் மறந்துபோய், மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"புடி! புட்றா! புட்றா தம்பி!"

சித்தப்பா பந்துக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டார். நின்றே விட்டார், அதைத்தான் சொல்ல வேண்டும். ஓடிக் களைத்து எட்டாமல் போனதில்லை. கையுறை முகத்துக்கு மேலே விரிந்திருந்தது. அப்போது தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். அடுத்து கையுறை மெதுவாகக் கீழே இறங்கியது. பந்து அவருடைய காலடியில் விழுந்து, குதித்து, உருண்டு வந்து அம்மாவின் செருப்பில் முட்டி நின்றது.

மைதானத்தில் ஒரு 'ஐயோ' கிளம்பியது. வேடிக்கை பார்த்த கல்லூரிப் பையன்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சித்தப்பா குனிந்து பந்தை எடுத்தார், எங்களைப் பார்க்காமல் உள்ளே எறிந்துவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினார். அப்பா நின்றபடியே இருந்தார்.

அதற்கு அடுத்த பந்தையே அதே ஆள் தரையோடு தரையாக அடித்தார். அது இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து போனது. மூன்றாவதில் நின்றவர் ஓடிவந்து சேர்ந்தார். எதிரணியினர் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

ஷாமியானா பக்கம் வரிசையாகக் கை குலுக்கினார்கள். அதிகாரி சித்தப்பாவிடம் வந்தபோது கையை நீட்டவில்லை. "கேட்ச் புடிக்கத்தானய்யா உன்ன அங்க நிக்கவெச்சிருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோச் மட்டும் சித்தப்பாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸைப் பார்க்கப் போனார்.

பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. சித்தப்பா எங்களிடம் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அம்மா சாதத்தைத் தட்டில் போட்டாள். கடைசியில் அம்மாதான் கேட்டாள். "பந்து கைக்கு வந்துட்ச்சே. ஏன் விட்டீங்க?"

சித்தப்பா சிரித்தார். டிபன் டப்பா மூடிகளை எடுத்து நான்கு மூலையாகத் துண்டின் மேல் வைத்தார். "இது மூணாவது மூலை, அண்ணி. இங்க ஒருத்தன் நிக்கறான். நான் எங்க இருக்கேன், இங்க, கோட்டுக்கு வெளியே, அவ்ளோ தூரத்துல. பந்த நான் புடிச்சா அடிச்சவன் அவுட்டு. ஆனா, நான் புடிச்ச அடுத்த நொடி இவன் ஓடலாம். அது ரூலு. இங்கேருந்து நான் எவ்ளோ வேகமா எறிஞ்சாலும் அவன் முந்திக்குவான். கேம் ஓவர்."

"விட்டா?"

"கோட்டுக்கு வெளியே தரையில விழுந்தா அது வெறும் ஃபவுலு, செல்லாத பந்து. இவன் இங்கயே நிக்கணும். ஆட்டம் உயிரோட இருக்கும்."

அம்மா மூடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப புடிச்சிருந்தா அப்பவே தோத்திருப்பீங்க."

"ஆமா அண்ணி."

"அப்பறமும் தோத்துட்டீங்க."

"அது அவன் நல்லா அடிச்சான்."

எனக்கு அதில் ஒரு வார்த்தையில்கூட நம்பிக்கை வரவில்லை. பிடிப்பதற்காக நிற்கிறவர், பிடிக்கக் கூடாது என்பதற்காக விட்டார் என்றால் எந்த ஒன்பது வயதுப் பெண் நம்புவாள்? அப்பா மூடிகள் பக்கம் திரும்பவேயில்லை. புங்கமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஹாரன் அடித்ததும் சித்தப்பா எழுந்து, "வர்றேன்ணா" என்றார். அப்பா தலையை ஆட்டினார். திரும்பும்போது ரயிலில் ஒருவர் நீட்டிய வேர்க்கடலையைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து போன் வந்தது. நிரந்தரம் ஆனவர்களில் சித்தப்பா இல்லை. ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. அந்த ஒரு பந்தினால்தானா, சைபர் புள்ளி சராசரியினால்தானா என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்கு அதில் சந்தேகமில்லை, பந்தைக் கோட்டை விட்டவர் வேலையையும் கோட்டை விட்டார். சித்தப்பா நீளப் பையோடு வீட்டுக்கு வந்தார். அப்பா சூப்பர்வைசரிடம் சொல்லிக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். பேக்கிங் செக்‌ஷன். ஷூவைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பது. சித்தப்பா முகம் சுளிக்காமல் போனார். சனிக்கிழமை மாலையில் எனக்கு சமோசா வாங்கி வந்தார். பேஸ்பால் என்ற வார்த்தை மட்டும் வீட்டில் புழங்காமல் போயிற்று.

அடுத்த கோடையில் கம்பெனியில் செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் கிரிக்கெட் போட்டி வைத்தார்கள். பாலாற்று மணலில் கயிற்றுப்பாய் விரித்து ஆடுவார்கள். அந்த ஆற்றில் தண்ணீர் வருவதை நான் பார்த்ததைவிடப் பந்து பறப்பதைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. பேக்கிங் செக்‌ஷன்காரர்கள் சித்தப்பாவைப் பவுண்டரியில் நிறுத்தினார்கள். அன்று அவர் பிடித்த பந்துகளைப் பற்றி ஆம்பூரில் இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. மணலில் கால் புதையப் புதைய ஓடி, பின்னால் போகிற பந்தைத் தலைக்கு மேலே, கையுறைகூட இல்லாமல் பிடித்தார். "எந்த டீமுக்கு ஆடியிருந்தாரு இவரு?" என்று புதிதாக வந்த மேனேஜர் விசாரித்தார். அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷங்களிலும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் விடாமல் போய் உட்கார்ந்தார்.

ஆனால் அவர் கை தட்டமாட்டார். பந்து சித்தப்பா பக்கம் உயரும்போது கரையெல்லாம் கத்தும். நானும் தொண்டை கிழியக் கத்துவேன். அப்பா மட்டும் தோள் துண்டின் நுனியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். பந்து பிடிபட்ட சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்வார். வேலூரில் மானம் போன கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பாவும் சும்மா இருக்கமாட்டார். ஒவ்வொரு பந்தையும் பிடித்த உடனே எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எனக்காகப் பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நினைத்து நான் கையை ஆட்டுவேன். அவரும் ஆட்டிவிட்டுப் போவார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் போனில் வெளிநாட்டு பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வீடியோத் துண்டு தற்செயலாக வந்தது. மூன்றாவது மூலையில் ஒருவர், கோட்டுக்கு வெளியே உயரமாக ஒரு பந்து, கீழே வந்து நின்ற ஆட்டக்காரர் கையை இறக்கிக்கொள்கிறார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப அது நெசமான ரூலா?" என்றார்.

"ஆமாப்பா. சித்தப்பா அன்னிக்கே சொன்னாரே, டப்பா மூடியெல்லாம் வெச்சி."

அப்பா போனைத் திருப்பித் தரவில்லை. "நான் கத்துனேன்" என்றார். "ஓடியாந்தவன் காதுல போய்க் கத்திட்டேன். அவன் திரும்பிப் பாத்தான், கை எறங்கிட்ச்சி. என்னாலதான் விட்டான்னு நெனச்சேன். எம்மேல பழி வரக் கூடாதுன்னுதான் உங்கம்மாகிட்ட ஒரு கதை கட்டறான்னு நெனச்சேன்."

தன்னைத்தான் சித்தப்பா திரும்பிப் பார்த்தார் என்று அத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார். எங்களை நோக்கியே ஓடிவந்தவர் எங்களைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியதேயில்லை. சித்தப்பா பார்த்தது மறுபக்கம், மூன்றாவது மூலையில் ஓடத் தயாராக நின்றவனை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. பசிக்கவில்லை, தம்பி வீட்டிலேயே சாப்பிட்டாயிற்று என்றார்.

அன்றைக்கு அம்மாதான் எனக்கு மற்ற பாதியைச் சொன்னாள். சித்தப்பா பாலாற்றில் ஆட ஆரம்பித்த புதிதில் ஒருமுறை அவளிடம் சொன்னாராம்: "ஊரே கத்துது அண்ணி. அண்ணன் மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. என்னிக்காவது ஒரு நாள் கத்துவாருன்னு ஒவ்வொரு தடவையும் பாக்கறேன்."

தம்பிக்காக ஒருவர் துண்டைக் கடித்துக்கொண்டு சத்தத்தை அடக்கியிருந்தார். மற்றவர் பந்தைக் கையில் பிடித்தபடி அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றார். பாலாற்று மணலில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான். பந்து பிடிபட்டதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.